அரங்கனைச் சுமந்த ஆசார்யர் – ஸ்ரீ பிள்ளை லோகாசார்யர் வைபவம்

மதுரைக்கு வடகிழக்கே, யானைமலையை அடுத்து, கொடிக்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. பூர்வாசார்யர்களின் வைபவங்களைக் கூறும் கிரந்தங்களில் இவ்வூர் ஜ்யோதிஷ்குடி என்று வழங்கப்பெறுகிறது. திருமாலிருஞ்சோலையையும் திருமோகூரையும் சேவிக்கச் செல்லும் யாத்ரிகர்களில் பலர், இவ்விரண்டுக்கும் அருகிலேயே இருக்கும் இவ்வூரை அறியாமல் திரும்பிவிடுகின்றனர். வானளாவிய கோபுரமும் அகன்ற திருவீதிகளும் இங்கு இல்லை. வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சிறிய திருக்கோயிலும், குன்றும், தீர்த்தமுமே உள்ளன. ஆயினும் திருவரங்கத்தின் பெருஞ்செல்வமான அழகிய மணவாளன் ஒரு காலத்தில் இங்கேதான் மறைந்து எழுந்தருளியிருந்தான். அவனை இங்குக் கொணர்ந்து சேர்த்த மஹாசார்யர் இங்கேயே தம் திருமேனியை விட்டுத் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவரே ஸ்ரீ பிள்ளை லோகாசார்யர்.

திருவவதாரம்

எம்பெருமானாருக்குப் பின் திருவரங்கத்தில் தர்சனத்தை வளர்த்த ஆசார்யர்களுள் நம்பிள்ளை தலைசிறந்தவர். அவர் திருவாய்மொழிக்குப் பொருளருளிச்செய்யும் காலத்தில் கூடும் அடியார் கூட்டம், பெருமாள் புறப்பாட்டுக்குக் கூடும் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டதாகப் பெரியோர் கூறுவர். அந்தக் காலக்ஷேபத்தைப் பகலெல்லாம் கேட்டு, இரவில் ஓலையில் எழுதிவைத்த சிஷ்யர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று இன்று உலகம் கொண்டாடும் வியாக்கியானம் அவ்வாறு உருவானதே.

வடக்குத் திருவீதிப் பிள்ளை இல்லறத்தில் இருந்தும் முற்றும் பற்றற்றவராக வாழ்ந்தார். இதனை அறிந்த நம்பிள்ளை, சந்ததி தழைக்க வேண்டுமென்று திருவுள்ளங்கொண்டு, மனைவியாரோடு கூடி வாழுமாறு நியமித்தார். ஆசார்ய நியமனத்தைத் தலைமேல் கொண்ட அவருக்கு ஐப்பசித் திருவோணத்தில் ஒரு திருக்குமாரர் அவதரித்தார். பொய்கையாழ்வார் அவதரித்த திருநக்ஷத்திரமும் அதுவே. ஆண்டு 1205 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. தம் ஆசார்யனுக்கு வழங்கிய லோகாசார்யர் என்னும் திருநாமத்தையே வடக்குத் திருவீதிப் பிள்ளை குழந்தைக்குச் சாற்றினார். அழகிய மணவாளன் திருநாமத்தைச் சாற்ற வேண்டுமென்பது நம்பிள்ளையின் திருவுள்ளமாயிருந்தது. ஆகவே அடுத்துப் பிறந்த குமாரருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்று பெயரிட்டனர். ஆசார்ய ஹ்ருதயம் என்னும் அரிய நூலை அருளிச்செய்தவர் இவரே.

சகோதரர் இருவரும் இல்லறம் புகாமல் நைஷ்டிக பிரம்மசாரிகளாகவே வாழ்ந்தனர். தமையனுக்கும் தம்பிக்கும் செல்வம் ஒன்றே, வேலையும் ஒன்றே. பெரிய பெருமாளின் கைங்கர்யம் அவர்களது செல்வம். ஆழ்வார்களின் அருளிச்செயலில் மறைந்துகிடக்கும் பொருளை எல்லாருக்கும் எடுத்துச் சொல்வது அவர்களது வேலை.

காட்டழகிய சிங்கர் ஸந்நிதியில்

திருவரங்க நகரின் கிழக்கே, ஊர்ச்சந்தடி எட்டாத இடத்தில் காட்டழகிய சிங்கர் திருக்கோயில் அமைந்துள்ளது. பிள்ளை லோகாசார்யர் தம் சிஷ்யர்களை அங்கே அழைத்துச் சென்று ரஹஸ்யார்த்தங்களை உபதேசித்து வந்தார்.

அக்காலத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த மணற்பாக்கத்தில் நம்பி என்றொரு பாகவதர் இருந்தார். பேரருளாளப் பெருமாள் அவர் கனவில் தோன்றிச் சில நுண்பொருள்களை அருளி, எஞ்சியவற்றை இரண்டு ஆறுகளுக்கு நடுவே கூறுவதாகச் சொல்லி மறைந்தார். நம்பி திருவரங்கம் வந்து சேர்ந்து, காட்டழகிய சிங்கரைச் சேவித்துக்கொண்டிருந்த வேளையில், உள்ளே ஒருவர் உபதேசிப்பது காதில் விழுந்தது. கனவில் கேட்ட அதே பொருள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நம்பி ஓடி வந்து லோகாசார்யரின் திருவடிகளில் விழுந்து, அருளாளரே இவர் என்று தெளிந்தார். இப்பொருள்களை மறவாதிருக்க ஏட்டில் எழுதவேண்டுமென்னும் பெருமாளின் திருவுள்ளமும் நம்பியின் வழியாகவே லோகாசார்யருக்கு எட்டியது என்பர்.

அதுவரை ரஹஸ்யங்கள் பெரும்பாலும் ஆசார்யன் வாயிலிருந்து சிஷ்யன் செவிக்கு மட்டுமே சென்றன. லோகாசார்யர் அவற்றைப் பதினெட்டு கிரந்தங்களாக எழுதிவைத்தார். முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகிய மூன்றும் அவற்றுள் தலையாயவை. மூன்று ரஹஸ்யங்களின் பொருளை முமுக்ஷுப்படி உரைக்கும். சேதனம், அசேதனம், ஈச்வரன் என்னும் மூன்று தத்துவங்களையும் தத்வத்ரயம் விளக்கும். சிறிய அளவில் ஸ்ரீபாஷ்யத்தின் பொருளைத் தருவதால் இதனைக் குட்டி பாஷ்யம் என்றும் வழங்குவர். ஸ்ரீவசனபூஷணம் 460-க்கும் மேற்பட்ட சூர்ணிகைகளால் ஆனது. வேதம் ஓதியவர்களுக்கு மட்டுமின்றிப் பெண்டிருக்கும் எளியோருக்கும் விளங்க வேண்டுமென்ற கிருபையால் இவை யாவும் மணிப்பிரவாள நடையில் எழுந்தன.

இந்நூல்களில் அவர் வற்புறுத்திய பொருள்கள் பிற்காலத்தில் அவர் வாழ்விலேயே சோதிக்கப்பட்டன. ஆதலால் அவற்றுள் மூன்றை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். முதலாவது: சரணாகதிக்கு இடமும் காலமும் ஆசாரமும் தடையல்ல, திரௌபதி நீராடிவிட்டுச் சரணம் புகவில்லை. இரண்டாவது: அடியார்களிடம் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம். மூன்றாவது: தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியை அடியான் விட வேண்டும், ஆனால் எம்பெருமானுக்கு என்ன நேருமோ என்று அஞ்சி அவனுக்குப் பல்லாண்டு பாடுவதை ஒருநாளும் விடலாகாது.

மூன்றாவது பொருளை முதலில் காட்டியவர் பெரியாழ்வார். மதுரையில் கருடன்மேல் தோன்றிய பெருமானைக் கண்டு வரம் கேட்காமல், அவன் அழகுக்குக் கண்ணேறு படுமோ என்று நடுங்கிப் பல்லாண்டு பாடினார் அவர். எல்லாரையும் காப்பவனைத் தான் காக்க நினைப்பது அறிவுக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். அன்பு முற்றிய இடத்தில் அதுவே இயல்பு என்பது லோகாசார்யரின் தீர்ப்பு.

திருவரங்கத்தில் நேர்ந்த பேரிடர்

1311-ஆம் ஆண்டு தில்லி ஸுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை தென்னாட்டில் புகுந்து கோயில்களைச் சூறையாடிச் சென்றது. அப்புண் ஆறுவதற்குள், 1323-ஆம் ஆண்டில் உலூக்கான் தலைமையில் மற்றொரு பெரும்படை வந்தது. பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று தில்லியை ஆண்டவன் இவனே. அதற்கு முன்பே இளையவரான நாயனார் பரமபதித்துவிட்டார். லோகாசார்யரோ முதுமையின் எல்லையில் இருந்தார்.

கோயிலொழுகு இந்நிகழ்ச்சியை விரிவாகக் கூறுகிறது. கொள்ளிடக் கரையில் பன்றியாழ்வான் ஸந்நிதியில் அழகிய மணவாளன் உத்ஸவத்துக்காக எழுந்தருளியிருந்த வேளையில், படை நெருங்கிவிட்டதென்று செய்தி வந்தது. கூடியிருந்த ஜனங்களுக்குத் தெரியாதபடி திரையிட்டு, அழகிய மணவாளனை உபயநாச்சிமாருடன் ஒரு பல்லக்கில் எழுந்தருளப் பண்ணினார் லோகாசார்யர். சிஷ்யர் சிலரும் கைங்கர்யபரர் சிலருமே உடன் சென்றனர். பல்லக்கு தெற்கு நோக்கி விரைந்தது. கோயிலினுள் பெரிய பெருமாள் ஸந்நிதியின் வாயிலைக் கல்லால் அடைத்து மறைத்தனர். தாயாரின் திருமேனியை வில்வ மரத்தடியில் மறைத்துவைத்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது மிகக் கொடியது. திருவரங்கத்திலேயே நின்றுவிட்ட அடியார்கள் படையின் வாளுக்கு இரையாயினர். அவர்கள் பன்னீராயிரவர் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. ஸ்ரீபாஷ்யத்துக்குச் ச்ருதப்ரகாசிகை என்னும் பேருரை செய்த ஸுதர்சன ஸூரியும் அவ்விடரில் உயிர் நீத்தார். அவர் தம் உரைச்சுவடியையும் இரண்டு புதல்வர்களையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்திருந்தார். தேசிகர் பிணக்குவியலின் நடுவே கிடந்து, சுவடியையும் சிறுவர்களையும் காத்து மேல்நாட்டுக்குச் சென்றார். ஒருவர் அரங்கனைச் சுமந்து தெற்கே நடந்தார். மற்றொருவர் எம்பெருமானாரின் தர்சனத்தைச் சுமந்து மேற்கே நடந்தார். பின்னாளில் வடகலை, தென்கலை என்று பிரிந்து வழக்காடியவர்கள் இந்த ஒரு நாளை நினைத்திருக்கலாம்.

சரணாகதியை வாழ்நாளெல்லாம் போதித்த ஆசார்யர் ஊரைவிட்டு வெளியேறியது தகுமா என்று சிலர் உள்ளத்தில் ஐயம் எழக்கூடும். அரங்கன் தன்னைத் தானே காத்துக்கொள்ள மாட்டானா என்பதே அந்த ஐயம். இதற்கு விடை அவர் நூலிலேயே உள்ளது. அவர் தம் உயிருக்கு அஞ்சிச் செல்லவில்லை. நூறாண்டைக் கடந்த ஒருவர் காட்டுவழியில் கால்நடையாகச் செல்வது உயிரைக் காத்துக்கொள்ளும் வழியும் அன்று. பெருமானின் திருமேனிக்குத் தீங்கு நேருமோ என்ற பரிவே அவரை நடத்தியது. பெரியாழ்வார் பாடியதை அவர் செய்து காட்டினார். திருவரங்கத்தை விடமாட்டோமென்று நின்று மாண்டவர்களும், பெருமானைச் சுமந்து சென்றவர்களும் செய்தது ஒரே கைங்கர்யம். இருதிறத்தாருள் எவரும் தமக்காக எதையும் தேடவில்லை.

காட்டுவழியும் ஜ்யோதிஷ்குடியும்

வழியெல்லாம் காடு. பெருவழியில் சென்றால் படையின் கண்ணில் படக்கூடும். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் சென்றவர்களைக் கள்வர்கள் வழிமறித்தனர். அழகிய மணவாளனின் திருவாபரணங்களையும் பாத்திரங்களையும் பறித்துக்கொண்டனர். சற்று முன்னே சென்றுகொண்டிருந்த லோகாசார்யர் இதனைக் கேட்டுத் திரும்பி வந்து, தம்மிடம் எஞ்சியிருந்ததையும் அவர்கள் கையில் கொடுத்தார் என்று வைபவ கிரந்தங்கள் கூறுகின்றன. பொன் போயிற்று, பெருமாள் இருந்தான். அவருக்கு அது போதுமாயிருந்தது.

இவ்வாறு ஜ்யோதிஷ்குடியை அடைந்தனர். குன்றும் மரங்களும் சூழ்ந்த அவ்விடத்தில் அழகிய மணவாளனை மறைவாக எழுந்தருளப்பண்ணி, கிடைத்ததைக் கொண்டு திருவாராதனம் நடத்தினர். ஏழு திருமதில்களின் நடுவே, வீணையும் மேளமும் ஒலிக்க, வேளைதோறும் அமுது செய்தருளிய பெருமான், அங்கே விளக்கொளிக்கும் அஞ்சவேண்டிய நிலையில் எழுந்தருளியிருந்தான். சரணாகதிக்கு இடநியமம் இல்லை என்று எழுதியவர், ஆராதனத்துக்கு ஆடம்பரம் வேண்டுவதில்லை என்பதை அங்கே வாழ்ந்து காட்டினார்.

முதுமையும் வழிநடையும் அவர் திருமேனியைத் தளர்த்தின. முடிவு நெருங்கியதை உணர்ந்த லோகாசார்யர் இரண்டு காரியங்களைச் செய்தார்.

முதலாவது, ஸம்ப்ரதாயம் அறுந்துபோகாமல் இருக்க வழி செய்தது. மதுரை அரசில் மந்திரியாயிருந்த திருமலையாழ்வார் இளமையில் இவர் திருவடிகளைப் பணிந்தவர். பின்னர்த் தமிழ்க் கல்வியிலும் அரச காரியத்திலும் ஈடுபட்டு விலகியிருந்தார். அவரை மீட்டு, அவருக்கு எல்லா அர்த்தங்களையும் அருளவேண்டுமென்று கூரகுலோத்தம தாஸர் முதலிய சிஷ்யர்களுக்கு லோகாசார்யர் நியமித்தார். விளாஞ்சோலைப் பிள்ளை என்னும் சிஷ்யருக்கும் இதில் பங்கு உண்டு. அவர் ஈழவர் குலத்தில் அவதரித்தவர். திருவனந்தபுரத்தில் கோயிலுக்குள் புக அக்கால வழக்கம் இடம் தராமையால், விளாமரத்தின்மேல் ஏறிக் கோபுரத்தைச் சேவித்து வந்தவர். அவரையே ஸ்ரீவசனபூஷணத்தின் உட்பொருளுக்கு நிலமாகக் கொண்டார் லோகாசார்யர். அந்நூலின் ஸாரமாக ஸப்தகாதை என்னும் ஏழு பாசுரங்களை அவர் அருளிச்செய்தார். அடியாரிடம் பிறப்பை ஆராயலாகாது என்பது லோகாசார்யருக்கு ஏட்டோடு நிற்கும் பேச்சன்று.

இரண்டாவது காரியம் அன்பர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளத் தக்கது. தம் அருகில் ஊர்ந்த எறும்புகளையும், எட்டும் தொலைவில் இருந்த செடிகொடிகளையும் அவர் தம் திருக்கையால் தொட்டருளினார். வைஷ்ணவ ஸம்பந்தம் பெற்ற எவ்வுயிரும் நற்கதி அடையும் என்பது சாஸ்திரம். ஊர் இழந்து, உற்றார் இழந்து, ஆயிரக்கணக்கான அடியார்கள் மாண்ட செய்தியைச் சுமந்து, அந்நிய மண்ணில் கிடந்த ஒருவர், இறுதி வேளையில் பகைவர்களைச் சபித்ததாக எந்த கிரந்தமும் கூறவில்லை. எறும்புக்கும் மோக்ஷம் கிடைக்கட்டும் என்றே அவர் நினைத்தார். பிறகு ஆசார்யன் திருவடிகளைத் தியானித்துத் திருநாட்டை அலங்கரித்தார். அவர் திருமேனியை அவ்வூரிலேயே பள்ளிப்படுத்தினர்.

48 ஆண்டுகளுக்குப் பின்

அழகிய மணவாளனின் பயணம் ஜ்யோதிஷ்குடியில் நின்றுவிடவில்லை. அங்கிருந்து திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினான். அங்கே அவனுக்காக வெட்டப்பட்ட கிணறு அழகிய மணவாளன் கிணறு என்று பெயர் பெற்றது. பின்னர்க் கோழிக்கோட்டில், திருநகரியிலிருந்து அதேபோல் வெளியேறி வந்திருந்த நம்மாழ்வாரோடு சேர்ந்து எழுந்தருளியிருந்தான். அதன்பின் மேல்நாடு, அதன்பின் திருமலை. திருமலையில் அவன் எழுந்தருளியிருந்த மண்டபம் ரங்கநாயகுல மண்டபம் என்று இன்றும் வழங்குகிறது. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் தென்னாட்டை மீட்ட காலத்தில், செஞ்சியிலிருந்து ஆண்ட கோபணார்யர் அவனைச் செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக்கு எழுந்தருளப்பண்ணினார். பின்னர் 1371-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். இச்செய்தியைக் கூறும் கல்வெட்டு திருவரங்கத்தில் உள்ளது.

48 ஆண்டுகள் கழிந்தமையால் பழைய திருமேனியை அடையாளங்காண வல்லவர் அரிதாயினர். பெருமாளின் பரிவட்டங்களை வெளுத்துவந்த முதியவர் ஒருவர் எஞ்சியிருந்தார். கண் பார்வை இழந்திருந்த அவர் ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம் பெருமாள் என்று துணிந்தார். நம்பெருமாள் என்று இன்று நாம் அழைக்கும் திருநாமம் அந்த எளிய அடியாரின் வாயிலிருந்து வந்தது.

லோகாசார்யர் விதைத்த மற்றொரு விதையும் வீண்போகவில்லை. கூரகுலோத்தம தாஸர் பன்முறை முயன்று திருமலையாழ்வாரை மீட்டார். அவர் அரச பதவியைத் துறந்து, காடு மண்டிக்கிடந்த ஆழ்வார்திருநகரியைச் சீர்திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணித் திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்றார். அவர் திருவடிகளை ஆச்ரயித்தவரே மணவாள மாமுனிகள். மாமுனிகள் அவதரித்த ஆண்டு 1370. அரங்கன் திரும்பி எழுந்தருளியதோ அதற்கு அடுத்த ஆண்டு. பெருமானும் வந்துவிட்டான், அவன் திருமுன்பே ஈட்டை விரித்துரைக்கவும், ஸ்ரீவசனபூஷணத்துக்கு உரை செய்யவும் வேண்டியவரும் பிறந்துவிட்டார். கொடிக்குளத்தில் கண்மூடியவர் இவ்விரண்டையும் காணவில்லை. காணாமலே இரண்டுக்கும் வழி செய்து வைத்தார்.

யாத்ரிகர்களுக்கு

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை அடைந்தால், அங்கிருந்து திருமோகூர் காளமேகப் பெருமாளையும், யானைமலைக் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிங்கப் பெருமாளையும் சேவிக்கலாம். 770-ஆம் ஆண்டில் பாண்டிய மந்திரி மாறன்காரி குடைவித்த கோயில் அது. அந்த யாத்திரையிலேயே கொடிக்குளத்தையும் சேர்த்துக்கொள்வது எளிது. பல்லாண்டு பிறந்த கூடல் மாநகரையும் ஒரே நாளில் சேவித்துவிடலாம்.

கொடிக்குளத்துக்குச் செல்பவர்கள் பழைய பகையை நினைத்துச் செல்ல வேண்டுவதில்லை. வாளெடுத்தவர்களும் வீழ்ந்தவர்களும் மண்ணாகி எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சியிருப்பது அரங்கனின் புன்முறுவலும், ஆசார்யனின் பதினெட்டு கிரந்தங்களும், எறும்பைத் தொட்ட திருக்கையின் நினைவுமே. அங்கே சிறிது நேரம் அமர்ந்து, இன்று திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும் ஒவ்வொரு நாளும் இந்தச் சிற்றூருக்குக் கடன்பட்டிருப்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஐப்பசித் திருவோணத்தில் அவரவர் ஊர்ச் ஸந்நிதியிலேனும் பிள்ளை லோகாசார்யரை நினைத்து, ஸ்ரீவசனபூஷணத்தில் ஒரு சூர்ணிகையையாவது பெரியோரிடம் கேட்டுணர்ந்து உய்வோமாக.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.